ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் ஓடவில்லையா? கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

மினி புராஜெக்ட்டுக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் மாணவர்கள் அதிகம் செய்வது ரிமோட்டில் ஓடும் சின்ன வண்டிக்கான இந்த சர்க்யூட். ரிமோட் பக்கம் நான்கு பட்டன், எந்தப் பட்டன் என்பதைக் குறியீடாக்கும் எச்டி12இ என்கோடர் ஐசி, 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர். வண்டிப் பக்கம் ரிசீவர், அந்தக் குறியீட்டைப் படிக்கும் எச்டி12டி டீகோடர், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்293டி மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு. புரோகிராம் எழுத வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாச் சாமானும் கிடைத்துவிடும். ஒரு மாலையில் மாட்டி முடிக்கலாம். ஆனால் ஓடவில்லை என்றால், எங்கே தேடுவது என்று தெரியாமல் ஐசியை மாற்றி, மாட்யூலை மாற்றி, கையில் இருக்கும் காசு முழுக்கக் கரைந்துவிடும்.

பெரும்பாலான நேரம் ஐசி கெட்டிருக்காது. ரேடியோவும் நன்றாகவே இருக்கும். கோளாறு சப்ளையிலோ கிரவுண்டிலோ ஒரு ரெசிஸ்டரிலோதான் இருக்கும். அதனால் பொருளை மாற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

கீழே சொல்பவை எல்லாம் இந்த வயரிங்கை வைத்துத்தான். எச்டி12இ-யில் 1 முதல் 8 வரை அட்ரஸ் கால்கள் (ரிமோட்டிலும் வண்டியிலும் இவை ஒரே மாதிரி இருந்தால்தான் சிக்னல் ஏற்கப்படும்), 9 கிரவுண்ட், 10 முதல் 13 வரை பட்டன்கள். ஒவ்வொரு பட்டனின் மறுமுனையும் கிரவுண்டுக்குப் போகும். 14 டிஇ, அது கிரவுண்டில் இருந்தால் மட்டுமே ஐசி சிக்னல் அனுப்பும். 15-க்கும் 16-க்கும் நடுவே 1 மெகாஓம். 17-இலிருந்து சிக்னல் டிரான்ஸ்மிட்டரின் டேட்டா காலுக்குப் போகும். 18 சப்ளை. எச்டி12டி-யிலும் அட்ரஸ், கிரவுண்ட், சப்ளைக் கால்கள் அதே இடத்தில்தான். சிக்னல் 14-ஆம் காலில் உள்ளே வரும், 15-16 நடுவே 51 கிலோஓம், 10 முதல் 13 வரை வெளியீடு. 17-ஆம் கால் விடி. சரியான அட்ரஸோடு சிக்னல் வந்துகொண்டிருக்கும்வரைதான் அது மேலே, அதாவது 5 வோல்ட் அருகில், நிற்கும்.

அந்த விடி காலில் ஒரு எல்இடி கட்டாயம் போடுங்கள். இந்த சர்க்யூட்டில் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த துப்பு அதுதான். கூட 1 கிலோஓம் ரெசிஸ்டர் வையுங்கள். எச்டி12டி-யின் வெளியீட்டுக் காலால் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தான் தர முடியும். 220 ஓம் போட்டால் எல்இடி அந்தக் காலின் வோல்டேஜையே கீழே இழுத்துவிடும்.

பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, விடி எல்இடியும் எரியவில்லை

மோட்டாரையும் எல்293டி-யையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சிக்னலே வந்து சேரவில்லை. முதல் வேலை, நடுவில் இருக்கும் ரேடியோவைக் கழற்றிவிடுவது.

டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டின் டேட்டா வயரையும் உருவிவிடுங்கள். எச்டி12இ-யின் 17-ஆம் காலிலிருந்து எச்டி12டி-யின் 14-ஆம் காலுக்கு நேராக ஒரு வயர் போடுங்கள். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு பக்கமும் ஒரே 5 வோல்ட்டில் ஓட வேண்டும். ரிமோட் 9 வோல்ட்டில் ஓடும்போது இப்படி இணைத்தால் 5 வோல்ட் ஐசியின் காலுக்குள் 9 வோல்ட் போய்ச் சேரும், கவனம்.

வயரில் எல்இடி எரிந்தால் இரண்டு ஐசியும் சரி, அட்ரஸ் சரி, ரெசிஸ்டர்களும் சரி. கோளாறு ரேடியோ மாட்யூல்களில்தான். வயரிலும் எரியவில்லை என்றால் ரேடியோ பக்கமே போக வேண்டாம்.

வயரில் எரியாதபோது பார்க்க வேண்டியவை சில. 18-க்கும் 9-க்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா என்று ஐசியின் காலிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள், பிரெட்போர்டின் ஓரக் கோட்டில் அல்ல. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து சப்ளைக் கோடு நடுவில் துண்டாகியிருக்கும். ஒரு பாதியில் 5 வோல்ட் இருக்கும், மறுபாதியில் ஒன்றும் இருக்காது. அடுத்து அட்ரஸ். இரண்டு ஐசியிலும் எட்டுக் கால்களையும் கிரவுண்டில் போட்டுச் சோதித்துவிட்டு, வேலை செய்த பிறகு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு கால் லூஸாக இருந்தாலும் டீகோடர் சிக்னலை ஏற்காது. டிஇ கால் உண்மையிலேயே கிரவுண்டில் இருக்கிறதா என்று மீட்டரை கண்டினியூட்டியில் வைத்து பீப் ஒலி வருகிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ரெசிஸ்டர். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1 மெகாஓம் என்றால் பழுப்பு, கருப்பு, பச்சை. 100 கிலோஓம் என்றால் பழுப்பு, கருப்பு, மஞ்சள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் மாறித் தெரியும். 51 கிலோஓமுக்கும் 510 கிலோஓமுக்கும் வித்தியாசம் ஆரஞ்சும் மஞ்சளும்தான். போடும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இந்த மதிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஐசியின் உள்ளே துடிக்கும் ஆசிலேட்டரின் வேகத்தை இந்த ரெசிஸ்டர்தான் முடிவு செய்கிறது. என்கோடர் சுமார் 3 கிலோஹெர்ட்ஸில் ஓடும், டீகோடர் அதைப்போல சுமார் 50 மடங்கு வேகத்தில், அதாவது 150 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓட வேண்டும். இந்த விகிதம் ரொம்ப விலகிவிட்டால் வந்த சிக்னலை டீகோடரால் படிக்க முடியாது. ஆசிலேட்டரின் வேகம் சப்ளை வோல்டேஜைப் பொறுத்தும் மாறும். அதனால் ரிமோட்டை 12 வோல்ட்டிலும் ரிசீவரை 5 வோல்ட்டிலும் ஓட்டிவிட்டு, படத்தில் இருந்த அதே ரெசிஸ்டர்தானே போட்டேன் என்று சொன்னால் சரிவராது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் 5 வோல்ட் வைத்துக்கொள்வதே நிம்மதி.

வயரில் எரிகிறது, ரேடியோ வைத்தால் எரியவில்லை என்றால் மாட்யூலின் கால்களைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் போர்டுகளில் கால் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இணையத்தில் பார்த்த படத்தை நம்பாமல் போர்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ரிசீவரில் நான்கு கால் இருந்தால் நடுவில் உள்ள இரண்டும் டேட்டாதான், எதில் எடுத்தாலும் ஒன்றே. மலிவான ரிசீவர்கள் சிக்னல் இல்லாதபோதும் சும்மா இருக்காது, இரைச்சலைப் பெருக்கி டேட்டா காலில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே டேட்டா காலில் மீட்டர் ஏதோ காட்டுகிறது என்பதை வைத்துச் சிக்னல் வந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். விடி எல்இடி ஒன்றுதான் சாட்சி.

பக்கத்தில் வைத்தால் வேலை செய்கிறது, நாலடி தள்ளினால் நின்றுவிடுகிறது

ஆன்டெனா இல்லை, அல்லது அதன் நீளம் சரியில்லை. 433.92 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17.3 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒற்றைக் கம்பி ஹூக்கப் வயரை வெட்டி, இரண்டு மாட்யூலிலும் ஆன்டெனா என்று குறித்த ஓட்டையில் சால்டர் வைத்துவிடுங்கள். நேராக நிற்கட்டும். அழகுக்காகச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தால் தூரம் போய்விடும். மோட்டாரின் உலோக உடம்பு, பேட்டரி, சப்ளை வயர் இவற்றிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

டிரான்ஸ்மிட்டர் மாட்யூலுக்கு மட்டும் 9 அல்லது 12 வோல்ட் கொடுத்தால் தூரம் கூடும். பொதுவாக இவை 3.5 முதல் 12 வோல்ட் வரை தாங்கும். என்கோடரை 5 வோல்ட்டிலேயே விட்டுவிடலாம். ரிசீவருக்கு மட்டும் 5 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள்.

விடி எல்இடி எரிகிறது, மோட்டார் அசையவில்லை

ரேடியோ பாதி முடிந்துவிட்டது. இனி எல்293டி பக்கம். இதற்கு இரண்டு சப்ளை: 16-ஆம் காலில் லாஜிக்குக்கு 5 வோல்ட், 8-ஆம் காலில் மோட்டாருக்கான பேட்டரி. இரண்டும் வேண்டும். 4, 5, 12, 13 நான்கும் கிரவுண்ட். ஒன்றில் கொடுத்தால் போதுமே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கால்கள் வழியாகத்தான் ஐசியின் சூடும் வெளியே போகிறது, அதனால் நான்கையும் போடுங்கள். 1-உம் 9-உம் எனேபிள். அவை மேலே இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மோட்டார் ஓடாது.

மோட்டார் பேட்டரியின் மைனஸ், 5 வோல்ட் பக்கத்து கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா? தனித்தனி பேட்டரி வைத்தவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

இவை சரி என்றால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டீகோடரிலிருந்து வயர் வரும் 2, 7 கால்களை அளந்து பாருங்கள். பட்டன் எதையும் தொடாதபோது இரண்டும் 5 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். அழுத்தும்போது ஒன்று மட்டும் சுழியத்துக்கு வர வேண்டும். வந்தால் 3, 6 கால்களுக்கு நடுவே மோட்டார் வோல்டேஜ் கிடைக்க வேண்டும். கிடைத்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரை நேராக பேட்டரியில் வைத்துப் பாருங்கள். பி.ஓ. மோட்டாரின் சால்டர் முனைகள் மெல்லிய தகடுதான், வயரை இழுத்தால் உள்ளேயே விட்டுவிடும்.

கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுகிறது, தரையில் வைத்தால் நின்றுவிடுகிறது

இதைத்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் பேட்டரி. ஸ்மோக் அலாரத்துக்கும் மல்டிமீட்டருக்கும் செய்த அந்தச் சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரியால் இரண்டு மோட்டாரை இழுக்க முடியாது. மீட்டரில் சும்மா அளந்தால் 9.2 காட்டும், புத்தம் புதிது என்று நினைப்போம். சக்கரத்தை விரலால் அழுத்திப் பிடித்து மோட்டாருக்குச் சுமை கொடுத்தபடி அதே பேட்டரியை அளந்து பாருங்கள். வோல்டேஜ் விழுவது கண்ணெதிரே தெரியும். சுமை இல்லாமல் அளந்த வோல்டேஜுக்கு இந்த வேலையில் மதிப்பே கிடையாது.

விழுந்தால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டருக்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். பேட்டரி 7-க்குக் கீழே இறங்கியதும் 5 வோல்ட் சப்ளை ஆடத் தொடங்கும். ரிசீவர் காது கேளாததாகிவிடும், விடி அணையும், எல்293டி-யின் எனேபிளை விடியில் கொடுத்திருந்தால் (அதைக் கீழே சொல்கிறேன்) மோட்டாரும் நிற்கும். சுமை போனதும் பேட்டரி எழுந்துகொள்ளும், விடி மறுபடி எரியும், மோட்டார் உலுக்கிக்கொண்டு கிளம்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரேடியோ விட்டுவிட்டு வேலை செய்வதுபோலத் தெரியும். ரேடியோ மாட்யூலை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

எல்293டி-யே கொஞ்சம் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அதன் உள்ளே இருப்பவை பழைய வகை டிரான்ஸிஸ்டர்கள். முழுச் சுமையில் மேல் பக்கம் 1.4, கீழ்ப் பக்கம் 1.2 என்று சுமார் 2.6 வோல்ட் அங்கேயே போய்விடும். நான்கு ஏஏ செல்லில் 6 வோல்ட் வைத்தால் மோட்டாருக்குச் சேர்வது மூன்றரை, நான்குதான். 7805-உம் அதில் சரியாக ஓடாது.

18650 லித்தியம் செல் இரண்டு தொடராக வைத்தால், அதாவது 7.4 வோல்ட், இந்த வண்டிக்குப் பொருத்தம். ஆனால் லித்தியம் செல்லை விளையாட்டாக எடுக்கக் கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பாதுகாப்பு போர்டு இல்லாமல் மாணவர் கையில் கொடுக்காதீர்கள், ஒரு ஃப்யூஸும் போடுங்கள். லித்தியம் வேண்டாம் என்றால் ஆறு ஏஏ செல்.

பேட்டரியா, வேறு எதுவுமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. 5 வோல்ட் பகுதிக்கு ஒரு பேட்டரி, மோட்டாருக்கு வேறொரு பேட்டரி, கிரவுண்ட் மட்டும் பொது. தொல்லை நின்றால் சப்ளைதான் குற்றவாளி. அப்படியும் மோட்டார் ஓடும்போது மட்டும் விடி எல்இடி மினுக்கினால் அடுத்ததைப் படியுங்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் விடி எல்இடி மினுக்குகிறது

மோட்டாரின் உள்ளே பிரஷ் தேயும் இடத்தில் நுண்ணிய தீப்பொறி பறந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ நிலையம். மலிவான ரிசீவரால் அதையும் உங்கள் ரிமோட்டையும் பிரித்தறிய முடியாது.

மருந்து மிக மலிவானது. 104 என்று எழுதியிருக்கும் செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், ஒன்றை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே சால்டர் வையுங்கள். போதவில்லை என்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடம்புக்கு இன்னும் ஒன்று. உடம்பைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். கெபாசிட்டர் மோட்டாரின் முனையிலேயே இருக்க வேண்டும், பிரெட்போர்டில் குத்தி வைத்தால் பயன் குறைவு, ஏனென்றால் நடுவில் இருக்கும் வயரே ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்பும். மோட்டார் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். எல்293டி-யின் 8-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, ரிசீவரின் சப்ளைக் காலடியில் இன்னொரு 104. எலக்ட்ரோலிட்டிக்கில் ப்ளஸ், மைனஸ் மாறக் கூடாது.

பட்டனை விட்ட பிறகும் மோட்டார் நிற்கவில்லை

இதை வண்டி நன்றாக ஓடுகிறவர்களும் படிக்க வேண்டும். எச்டி12டி கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஐசி. அடுத்த கட்டளை வரும்வரை வெளியீட்டை மாற்றாது. நீங்கள் முன்னே போகும் பட்டனை அழுத்தியிருக்கும்போது வண்டி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால், அல்லது ரிமோட்டின் பேட்டரி அந்த நொடியில் செத்தால், நிறுத்து என்ற கட்டளை வந்து சேராது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மேசை மேல் இருக்கும் பொம்மை வண்டி என்றால் கீழே விழும், அவ்வளவுதான். அதே சர்க்யூட்டை யாராவது வாசல் கேட்டுக்கோ தண்ணீர் மோட்டாருக்கோ வைத்தால் கை நசுங்கும்.

சுற்றுகிற பல படங்களில் எல்293டி-யின் 1, 9 கால்களை நேராக 5 வோல்ட்டில் போட்டிருப்பார்கள். அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, எச்டி12டி-யின் 17-ஆம் காலில், அந்த விடி காலில் கொடுங்கள். ஒரே ஒரு வயர் மாற்றம். இனி சிக்னல் இல்லை என்றால் எனேபிள் இல்லை, எனேபிள் இல்லை என்றால் மோட்டார் இல்லை. வண்டி எட்டாத தூரம் போனால் உருண்டு தானே நின்றுவிடும். என் பார்வையில் இது விருப்பமிருந்தால் செய்யும் மாற்றம் அல்ல, இது இல்லாமல் சர்க்யூட் முடிந்ததாகவே சொல்லக் கூடாது.

இதைச் செய்த பிறகு சிக்னல் பலவீனமான இடத்தில் மோட்டார் துடித்துத் துடித்து ஓடலாம். அதைச் சமாளிக்க விடி காலுக்கும் எனேபிளுக்கும் நடுவே ஒரு 1என்4148 டையோடு, வெள்ளைக் கோடு எனேபிள் பக்கம். எனேபிளிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட்டும் 47 கிலோஓமும் இணையாக. நொடிப்பொழுது சிக்னல் விட்டுப்போனாலும் சுமார் அரை விநாடி தாங்கும், அதற்கு மேல் போனால் நிற்கும்.

யாரும் தொடாமலே மோட்டார் ஓடுகிறது

அட்ரஸ் எட்டும் கிரவுண்டில் இருந்தால், அதேபோல் விட்டுவைத்த பக்கத்து மேசைக்காரரின் ரிமோட்டும் உங்கள் வண்டியை ஓட்டும். 256 அட்ரஸ் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் அட்ரஸ் மாறினாலும் அலைவரிசை ஒன்றுதான். டிஇ காலை நிரந்தரமாக கிரவுண்டில் போட்ட ரிமோட் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அருகில் இன்னொரு ரிமோட் வேலை செய்யாது. கண்காட்சிக் கூடத்தில் இது பெரிய தலைவலி.

விடியை எனேபிளில் கொடுத்துவிட்டவர்கள் இதையும் தீர்க்கலாம். டிஇ-யை கிரவுண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு 1என்4148 டையோடு எடுத்து, வெள்ளைக் கோடு இல்லாத முனைகளை எல்லாம் டிஇ-யில் சேருங்கள், வெள்ளைக் கோடுள்ள முனையை ஒவ்வொரு பட்டன் காலிலும் ஒன்றாகக் கொடுங்கள். பட்டனை அழுத்தும்போது மட்டும் ரிமோட் பேசும், விட்டால் விடி அணைந்து மோட்டார் நிற்கும். ரிமோட் பேட்டரியும் நீண்ட நாள் வரும்.

ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது

எல்293டி-யின் 2, 7 கால்களுக்கு வரும் வயரையும் 10, 15 கால்களுக்கு வரும் வயரையும் இடம் மாற்றுங்கள். கோளாறு மறு மோட்டாருக்குப் போனால் டீகோடர் அல்லது பட்டன் பக்கம். அதே மோட்டாரில் நின்றால் டிரைவர் அல்லது மோட்டார் பக்கம். முன்னே ஓடும், பின்னே ஓடாது என்றால் பெரும்பாலும் ஒரு பட்டன் அல்லது ஒரு டேட்டா வயர். சக்கரம் தலைகீழாகச் சுற்றினால் கோளாறே இல்லை, அந்த மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள்.

நன்றாக ஓடிவிட்டுச் சில நிமிடத்தில் நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

எல்293டி-யைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாது. உள்ளே இருக்கும் சூட்டுப் பாதுகாப்பு அதை அணைத்துவிடுகிறது. ஒரு சேனலுக்கு 600 மில்லிஆம்பியர்தான் தொடர்ந்து தாங்கும், ஒரு கணத்துக்கு 1.2 ஆம்பியர். உங்கள் மோட்டார் எவ்வளவு கேட்கும் என்று கணக்கிட, அதைக் கழற்றி, அச்சை மெல்லத் திருப்பிக்கொண்டே முனைகளின் ஓம் மதிப்பை அளந்து, மிகக் குறைந்ததை எடுங்கள். 7 ஓம் என்றால் 5 வோல்ட்டில் சக்கரம் சிக்கும்போது 0.7 ஆம்பியர் இழுக்கும். அப்போதே எல்லை தாண்டியாயிற்று.

பெரிய மோட்டார் என்றால் எல்298என் மாட்யூல் 2 ஆம்பியர் வரை தரும், ஆனால் அதுவும் எல்293டி போலவே வோல்டேஜைத் தின்னும். சின்ன பேட்டரியில் ஓடும் வண்டிக்கு நான் சொல்வது டிபி6612எஃப்என்ஜி. அது மாஸ்ஃபெட் வகை, தொடர்ந்து 1.2 ஆம்பியர் தாங்கும், உள்ளே இழப்பு மிகக் குறைவு. அதற்கு மாறினால் கால் அமைப்பு வேறு, எனேபிள் வேலையை அதன் ஸ்டாண்ட்பை கால் செய்யும். விடி வயரை அங்கே கொண்டுபோங்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் கால்கள் இரண்டையும் 5 வோல்ட்டில் போட்டுவிடுங்கள்.